தங்கள் மறுப்பு பதிவு செய்யப்பட்டது

அழுத்திய விரலை எடுப்பதற்குள் திரை மாறிவிட்டது. தங்கள் மறுப்பு பதிவு செய்யப்பட்டது, உரிமையாளருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது, நன்றி. நன்றியாம். தணிகாசலம் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து படித்தார், கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார், எப்படிப் படித்தாலும் அதேதான். அதற்குக் கீழே இன்னொன்று வரும் என்று காத்திருந்தார். வரத்தானே வேண்டும். தொழிற்சங்கத் தலைவராக அவர் உட்கார்ந்த பேச்சுவார்த்தை மேசைகளில் முதல் மறுப்போடு எந்த நிர்வாகமும் எழுந்து போனதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பேனாவை மூடுவார்கள், லேபர் ஆபீசரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள், ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு காகிதம் வரும், அதில் ஒரு வரி மாறியிருக்கும், அந்த ஒரு வரிக்காகத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தது. முதல் வரைவைப் படி, படித்துவிட்டுத் திருப்பித் தள்ளு, நல்லதாகவே இருந்தாலும் தள்ளு, நல்லதாக இருந்தால் இன்னும் வேகமாகத் தள்ளு. எத்தனை இளம் தோழர்களுக்கு வகுப்பெடுத்துச் சொன்ன பாடம். அந்தப் பாடத்தின்படிதான் அவர் விரல் மறுக்கிறேன் என்ற கட்டத்துக்குப் போனது. போனபோது மனசுக்குள் லேசான குஷிகூட இருந்தது, ரொம்ப நாள் கழித்து யாருக்கோ எதிரே உட்கார்ந்த மாதிரி. எதிரே யாரும் இல்லை. காரின் கண்ணாடிக்கு அப்பால் சிமெண்ட் தூண், தூணில் மஞ்சள் பெயிண்டில் ஒரு எண், அதன்மேல் பைப்பிலிருந்து சொட்டிய கறை. இதுவரை வணக்கம் தணிகாசலம் என்று சொல்லிக்கொண்டிருந்த காரின் பெரிய திரை இப்போது வணக்கம் விருந்தினரே என்றது.

பெரும்பாக்கத்தில் அவர் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியின் பேஸ்மென்ட் அது. வெளியே மூன்று மணி வெயில் காய்ந்தாலும் இங்கே எப்போதும் டியூப்லைட் வெளிச்சந்தான். காரின் விலாவிலிருந்து கறுப்புக் கேபிள் ஒன்று சுவருக்குப் போனது. பாதி பெட்ரோல், பாதி மின்சாரம். சுவரில் சொருகிச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம், தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும். மகள் வாலண்டினா இதை விளக்கியபோது, "ரெண்டு சங்கத்துக்கும் சந்தா கட்டுறவன் மாதிரின்னு சொல்லு" என்றார். "ஆமாப்பா. ஆனா இது ஒழுங்கா வேலைக்கு வரும்" என்றாள் அவள். வாய் அவருடையது. பெயரும் அவர் வைத்தது, விண்வெளிக்குப் போய்வந்த பெண்ணின் பெயர், சங்க ஆபீசில் தோழர்களுக்கெல்லாம் வேர்க்கடலை மிட்டாய் கொடுத்து வைத்த பெயர், வீட்டில் சுருங்கி டினா ஆயிற்று. இன்று டினா ஸ்வீடனுக்குப் போகிறாள். மூன்று வருட வேலை என்கிறாள். மூன்று வருடம் என்று போனவர்கள் திரும்பி வந்த கதை அவருக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. போவதற்கு முன் காரை அவருக்கு விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னாள். கண் ஆஸ்பத்திரிக்கும் இருதய டாக்டரிடமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போக வேண்டாம், சங்கத்து மைக் வேனை மாநிலம் பூரா ஓட்டினவர்தானே நீங்க. அதற்கு இந்தப் போனில் அவள் அனுப்பும் அழைப்பை அவர் ஏற்க வேண்டும். "நீங்க ஒத்துக்கிட்டா ஏர்போர்ட்டுலேர்ந்து வண்டியை நீங்களே ஓட்டிட்டு வந்துடுவீங்க. நான் அங்கிருந்தே பார்த்துப்பேன், எடுத்தீங்களா, சார்ஜ் போட்டீங்களான்னு. வேணாம்னா ஃபெலிக்ஸ் வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவான், ஆபீஸ்ல அவன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கான். எனக்கு ரெண்டும் ஓகேதான்ப்பா." ரெண்டும் ஓகே என்று சொன்னபோது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சீட் இடுக்கில் கிடந்த ஒரு ஹேர்பின்னை நகத்தால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தாள். ரெண்டும் ஓகே இல்லை என்பதை அப்போதே கண்டுபிடித்திருக்க வேண்டாமா. மேசைக்கு எதிரே உட்கார்ந்தவன் எந்தக் கையால் கண்ணாடியைத் துடைக்கிறான் என்பதை வைத்தே போனஸ் எத்தனை சதவீதம் என்று சொன்ன மனுஷன்.

முதலில் அவருடைய போனில்தான் முயன்றாள். செயலியே ஏறவில்லை. இந்தக் கருவிக்கு ஆதரவு இல்லை என்று திரும்பத் திரும்ப வந்தது. "ஏன் ஆதரவு இல்ல? பேசுது, கேக்குது, படம் காட்டுது. இன்னும் என்ன பண்ணணும் அது?" "பழைய மாடல்ப்பா. இதுக்கு சப்போர்ட்டை நிறுத்தியாச்சு." "யாரு நிறுத்தினது?" டினா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "நாங்கதான். இன்னும் சொல்லப்போனா நான்தான்." அவள் வேலையே அதுதானாம். எந்தப் போன் எந்தக் காரோடு ஒத்துப்போகும், போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தால் கதவு திறக்கிறதா, வீட்டில் படுத்துக்கொண்டே ஏசியைப் போட முடிகிறதா, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சரியாகக் காட்டுகிறதா என்று டிராயர் டிராயராகப் போன்களை வைத்துக்கொண்டு சோதிப்பார்கள், தேறாததைக் கழித்துவிடுவார்கள். ஜாதகப் பொருத்தம் பார்க்காமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவர், அப்படியே எத்தனையோ தோழர்களுக்குச் செய்தும் வைத்தவர். அவர் மகள் காருக்கும் போனுக்கும் பொருத்தம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறாள். "ஆட்குறைப்புன்னு சொல்லு. நோட்டீஸ் குடுத்தீங்களா?" "ஆறு மாசம் முன்னாடியே குடுத்தாச்சு. உங்க போனுக்கே வந்திருக்கும், நீங்க படிக்கல." "நான் படிக்காத நோட்டீஸா!" என்றார், இரண்டு பேருமே சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு இந்தத் தூண்களுக்கிடையில் மோதித் திரும்பி வந்தது. மனைவி பூங்காவனம் இறந்த பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதானோ என்னவோ. அப்புறம் டினா தான் முன்பு வைத்திருந்த போனைக் கொடுத்தாள், அது பொருந்தியது, காருக்குள்ளேயே இந்தப் பாதாளத்திலும் சிக்னல் எடுக்கும் ஒரு சிம் இருக்கிறதாம், அதோடு இணைத்தாள், கார் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. "இனிமே நீங்க ஒத்துக்கணும். அதை மட்டும் நான் பண்ண முடியாது, உங்க விரல்தான் வேணும். நான் மேல போய்ப் பெட்டியைப் பூட்டிட்டு, ஹவுஸ் ஓனர்கிட்ட சாவியைக் குடுத்துட்டு வந்துடறேன்." போகும்போது திரும்பிப் பார்த்து, "முழுசாப் படிக்காதீங்கப்பா, ஃப்ளைட் போயிடும்" என்றாள்.

முழுசாகத்தான் படித்தார். படிக்காமல் எதையும் தொட்டதில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற பையனுக்கு ஸ்பிரிங் கம்பெனி வாசலில் கையில் திணித்த துண்டுப் பிரசுரங்கள்தான் பள்ளிக்கூடம், உபரி என்ற சொல்லையும் சுரண்டல் என்ற சொல்லையும் அதில்தான் முதலில் பார்த்தார், பழுப்புத் தாளில், மை கையில் ஒட்டும். பின்னால் அவரே எழுதினார். அவர் எழுதிய ஒரு பிரசுரத்தைப் படித்துவிட்டு இரண்டு ஷிப்டும் ஒரே நாளில் வெளியே வந்தது. இது என்ன தமிழ்? தாங்கள் இதன்வழி வாகனத்தின் இருப்பிடத் தரவு உரிமையாளரால் அணுகப்படுவதற்கு இசைவளிக்கிறீர்கள். இப்படி எழுதிக்கொண்டு வந்தவனை அச்சகத்துப் படியேற விட்டிருக்க மாட்டார். ஆனாலும் விஷயம் புரிந்தது. வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பியது, எந்தக் கதவு திறந்தது எல்லாமே அவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் சங்க ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார், ஏகாம்பரம் என்று பெயர், தணிகாசலம் போகுமிடமெல்லாம் சைக்கிளில் பின்னால் வருவார். கடைசியில் பழகிப்போய், "தோழர், இன்னைக்கு எங்க போறீங்கன்னு சொல்லிடுங்க, நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு நேரா அங்க வந்துடறேன்" என்பார். அவரும் சொல்லியனுப்புவார். இப்போது அவர் எங்கே போகிறார், எப்போது வீடு திரும்புகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் யாரும் இல்லை. அம்பத்தூர் வீட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்து, துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த ஒரு காலையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். ஆகவே அந்தப் பத்தியைப் படித்தபோது, தெரியட்டுமே, அவளுக்குத்தானே தெரியப்போகிறது என்று நெஞ்சு இளகித்தான் இருந்தது. சத்தியமாக ஒத்துக்கொள்வதாகத்தான் இருந்தார். முதலில் ஒருமுறை திருப்பித் தள்ளிவிட்டு, பிறகு. விரலுக்கு அந்த ஒழுங்கு மட்டுந்தான் தெரியும். அது அவரைக் கேட்கவில்லை. இத்தனை வருடம் பழக்கிய நாய், வீட்டுக்காரரைப் பார்த்தே குரைக்கிறது.

உரிமையாளருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது. அப்படியானால் மேலே, காலி வீட்டில், அவள் கையிலிருக்கும் போன் மணியடித்திருக்கும். தணிகாசலம் மறுத்துவிட்டார். உரிமையாளர். எத்தனை கேட் மீட்டிங்கில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சொல், இப்போது அது டினாவைக் குறிக்கிறது. அவள் என்ன செய்வாள்? கீழே ஓடிவர மாட்டாள். என்னப்பா, ஏன்ப்பா என்று கேட்க மாட்டாள். போனைப் படித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடுவாள், அவ்வளவுதான், அப்புறம் ஃபெலிக்ஸுக்கு ஒரு வரி அனுப்புவாள். ஒருவேளை அனுப்பிவிட்டாளோ. கதவைத் திறந்துகொண்டு போய் லிஃப்டில் ஏறினால் என்ன? லிஃப்டுக்கு அட்டை வேண்டும், அட்டை அவளிடம். மாடிப்படியா, ஒன்பது மாடி, இந்தக் காலை வைத்துக்கொண்டா. பழைய போனில் கூப்பிடலாமென்றால் இந்தப் பாதாளத்தில் ஒரு கோடுகூட எடுக்கவில்லை. புதிய போனில் அவர் சிம் இல்லை. திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். எங்காவது ஒரு மூலையில் மறுபரிசீலனை என்று ஒரு கட்டம் இருக்காதா. உதவி என்றிருந்ததைத் தொட்டால் டயரில் காற்று எவ்வளவு அடைக்க வேண்டும் என்று சொன்னது. அப்போது லிஃப்ட் திறக்கும் சத்தம். நிமிர்ந்து உட்கார்ந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார், சட்டைக் காலரைக்கூட இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு அம்மாள் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தாள், நாய் அவருடைய வண்டியின் சக்கரத்தை முகர்ந்தது, "ச்சீ, வா இந்தப் பக்கம், அங்கிள் இருக்காங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். அவருடைய வண்டியா. ஃபெலிக்ஸின் வண்டி.

திரும்பக் கேட்பவள் இல்லை டினா. இது அவருக்கு இன்று மத்தியானம் வரைக்கும் தெரியாது. ஃப்ரிட்ஜைக் காலி செய்ய வேண்டுமென்று மிச்சமிருந்த முட்டையை எல்லாம் உடைத்து ஆம்லெட் போட்டிருந்தாள், இரண்டு பேருக்கு ஆறு பேர் ஆம்லெட், தட்டு பேக்காகிவிட்டதால் குக்கர் மூடியில் வைத்துத் தின்றார்கள். பேச்சுவாக்கில் அவர்தான் சொன்னார், "திருச்சி காலேஜுக்கு நான் முடியாதுன்னதும் நீ என்னமா அடம் பிடிச்ச, ரெண்டாவது தடவை கேட்டப்ப எனக்கே மனசு கரைஞ்சிடுச்சு." டினா மெல்லுவதை நிறுத்தினாள். "நான் எங்கப்பா ரெண்டாவது தடவை கேட்டேன்? நீங்க இல்லைன்னதும் நான் விட்டுட்டேன். இங்கயே ஏதாவது காலேஜ்ல சேர்ந்துக்கலாம்னு இருந்தேன். மறுநாள் அம்மாதான் வந்து அப்பா தானா சரின்னுட்டார்னு சொன்னாங்க." "தானாவா?" "ஆமா. நைட்டெல்லாம் யோசிச்சு நீங்களே மனசு மாறிட்டீங்கன்னு." அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள், உப்பு கொஞ்சம் ஜாஸ்தி என்றார், குக்கர் மூடியைக் கழுவப் போய்விட்டாள். பேஸ்மென்டில் வந்து உட்கார்ந்த பிறகல்லவா அது வயிற்றில் இறங்குகிறது. அன்றைக்குப் பூங்காவனம் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள், பொண்ணு மறுபடி கேக்குதுங்க, ராத்திரியெல்லாம் அழுவுது என்றாள், அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பெரிய மனசோடு சரி என்றார். பொண்ணு கேட்கவுமில்லை, அழவுமில்லை. இந்தப் பக்கம் வந்து ஒரு பொய், அந்தப் பக்கம் போய் ஒரு பொய். அப்படியென்றால் அந்த ஊட்டி டூர்? அந்த சைக்கிள்? சிவப்பு சைக்கிள், முடியாது என்றார், மறுபடி கேக்குது என்றாள், சரி என்றார். எல்லாம் அவள் வேலைதானா. பேச்சுவார்த்தை முடியும்வரை நிர்வாகம் கொடுக்கும் டீயைத் தொடக் கூடாதென்பது சங்கத்தில் வழக்கம், ஏலக்காய் போட்ட நல்ல டீ, ஆடை படிந்து ஆறிக் கிடக்கும். அதே வழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது, கோபமென்றால் காபியைத் தொட மாட்டார். பூங்காவனம் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைப்பாள். ஆறிப்போன கேள்விகளையும் அப்படித்தான் சூடு பண்ணிக் கொண்டுவந்திருக்கிறாள். ஊரில் அத்தனை பேரும் அவரைத்தான் பேச்சுவார்த்தைப் புலி என்றார்கள். மாலை போட்டார்கள். அவள் அந்த மாலைகளைக் கொடியில் தொங்கவிட்டு, வாடியதும் கொல்லையில் கொண்டுபோய்ப் போடுவாள்.

பூங்காவனம் இறந்த மாதமே அவள் நடுவில் இல்லாத சோதனை வந்தது, அவருக்குத்தான் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை. டினா கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள், யாருக்குக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று இரண்டு அடுக்காக. மடித்துக்கொண்டே, "அப்பா, நீங்க என்கூட வந்து இருக்கீங்களா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், கடைக்குப் போறீங்களா என்று கேட்கிற மாதிரி. "எதுக்கு? எனக்கு என் வீடு போதும்" என்றார். போதாது. அப்போதே போதவில்லை, அந்த வீட்டில் ஒவ்வொரு டம்ளரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் முதல் தடவையல்லவா. மறுபடி கேட்பாள் என்று இருந்தார். அடுத்த ஞாயிறு வந்தாள், கேஸ் புக் பண்ணிக் கொடுத்தாள், மருந்தை டப்பாவில் பிரித்துப் போட்டாள், கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். அவர் சட்டைகளை எல்லாம் இஸ்திரி போட்டு வாங்கி அலமாரியில் தனியாக அடுக்கி வைத்திருந்தார், கேட்டால் உடனே கிளம்ப வசதியாக. அவள் அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, மாநாடு எதுவும் இருக்கா?" என்றாள். இல்லை என்றார். அதோடு சரி. அவர் அவளைக் குறை சொன்னார், மனசுக்குள் எவ்வளவு குறை சொன்னார். படித்த பிள்ளைகள் இப்படித்தான், ஒப்புக்கு ஒரு வார்த்தை, கடமை தீர்ந்தது, பேரம் பேசக்கூடத் தகுதியில்லாத சரக்காகப் போய்விட்டான் அப்பன். அவள் அவரைக் குறையே சொல்லவில்லை போலிருக்கிறது. அப்பா வேண்டாமென்றார், அவர் விருப்பம், மதிப்போம் என்று விட்டிருக்கிறாள். கொண்டு வந்து சூடு பண்ணி வைக்க நடுவில் ஆள் இல்லை. எத்தனை ஞாயிறு. இரண்டு பேரும் அந்தக் கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டிவியில் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டு.

ஒரு நிர்வாகம் மட்டும் திரும்பி வரவில்லை. எந்த நிர்வாகமும் என்று சற்றுமுன் நினைத்தது தப்பு, அவருக்கே தெரியும், அந்த ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று வைத்திருந்தார். ஸ்பிரிங் கம்பெனியில் கடைசி வருடம், புதிதாக வந்த இளைஞன், முதலாளியின் மருமகன், ஒரே ஒரு பக்கம் நீட்டினான். அவர் வழக்கம்போலத் திருப்பித் தள்ளினார். அவன் கோபப்படவில்லை, பேனாவை மூடவில்லை, பெருமூச்சு விடவில்லை. "ஓகே சார்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போனான். மதியத்துக்குப் பிறகு வருவான் என்று தோழர்களோடு உட்கார்ந்திருந்தார். ஏசியை யாரோ நிறுத்தினார்கள். சில மாதத்துக்குள் மெஷின்கள் லாரியேறி வேறு மாநிலம் போய்விட்டன, கேட்டில் தடுத்து நின்றவர்கள்மேல் வழக்கு, அது இன்னும் நடக்கிறது. அன்று திருப்பித் தள்ளியது சரிதான், இன்றைக்கும் அதில் அவருக்குச் சந்தேகமில்லை, அந்தப் பக்கத்தில் இருந்தது அடிமைச் சாசனம். யார் வேண்டுமானாலும் வந்து விவாதிக்கலாம். ஆனால் அந்தப் பையன் ஓகே சார் என்று எழுந்து போன விதம், அதில் பகையே இல்லாமலிருந்தது, அதைத்தான் அவரால் இத்தனை வருடம் செரிக்க முடியவில்லை. பகையிருந்தால் திரும்பி வருவான். ரெண்டும் ஓகேதான்ப்பா. கடவுளே என்று சொல்லும் வழக்கமில்லை அவருக்கு. டினா கம்பெனிக்காரியில்லையே. டினா நீட்டியது சாசனமில்லையே. தன் வீட்டுச் சாவியை நீட்டுகிறவளிடம் போய் யாராவது முதல் வரைவு என்று நினைப்பார்களா.

லிஃப்ட் திறந்தது. இந்தத் தடவை டினாதான், இரண்டு பெரிய பெட்டி, தோளில் பை, நெற்றியில் வேர்வை. அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பெட்டிகளைப் பின்னால் ஏற்றினாள், அவர் ஒரு கை கொடுக்க இறங்கப் போனார், "நான் பார்த்துக்கறேன்ப்பா" என்றாள். சுவரிலிருந்து கேபிளைப் பிடுங்கி, மணிக்கட்டிலும் முழங்கையிலுமாகச் சுற்றிப் பெட்டியோடு வைத்தாள். அதைச் சுற்றிய விதம் அவள் அம்மா துணிக்கொடியைச் சுற்றும் விதம். பிறகு கதவருகே வந்து நின்றாள்.

"அந்தப் பக்கம் உக்காருங்கப்பா. நான் ஓட்டறேன்."

அவர் இறங்கிச் சுற்றிப் போய் உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்தார், அது பாதியில் பிடித்துக்கொண்டது, விட்டு மறுபடி இழுத்தார். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

"மெசேஜ் வந்துச்சு" என்றாள் டினா, தூண்களைப் பார்த்து ஓட்டிக்கொண்டே. "பரவால்லப்பா. ஃபெலிக்ஸ்கிட்ட சொல்லிட்டேன்."

"அது முதல் வரைவுன்னு நினைச்சுட்டேன்."

"என்னது?"

"முதல் தடவை யாரும் ஒத்துக்கறதில்லம்மா. திருப்பி அனுப்பினா மாத்தி எழுதிக்கிட்டு வருவாங்க. அந்தப் பழக்கத்துல..."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று முகத்துக்குத் தெரியவில்லை. "அப்பா, அது ஆப். அதுகிட்டப் போய்ப் பேரம் பேசுவாங்களா?"

"தப்புதான். இன்னொரு தடவை அனுப்பு."

"அனுப்ப முடியாதே. ஒரு தடவை மறுத்தாச்சுன்னா அந்தப் போனுக்கு உடனே திரும்ப அனுப்ப விடாது. நாங்கதான் அப்படி வச்சோம். வேணாம்னு சொன்னவங்களைச் சும்மா சும்மா நச்சரிக்கக் கூடாதுன்னு." ஒரு தூணைச் சுற்றித் திருப்பினாள். "மீட்டிங்ல அதுக்கு நான் எவ்வளவு சண்டை போட்டிருக்கேன் தெரியுமா. ஒருத்தர் இல்லைன்னு சொன்னா அது இல்லைதான், அதை மதிக்கணும்னு."

"யாருகிட்ட கத்துக்கிட்ட அதை?"

"வேற யாருகிட்ட?"

சரிவுப் பாதை ஏறத் தொடங்கியது. மேலே வெயில் ஒரு சதுரமாகத் தெரிந்தது. அவருக்கு வாய் உலர்ந்தது, பத்தாயிரம் பேருக்கு முன்னால் மைக் இல்லாமல் பேசிய வாய். வண்டி வேண்டாம் என்று சொல்ல நினைத்தார், அதிலும் வேண்டாம் வருகிறது. நீ அன்றைக்குக் கேட்டாயே என்று தொடங்க நினைத்தார், அது அவள்மேல் பழி போடுவது போலிருக்கும். கோரிக்கைப் பட்டியல் எழுதிக் கொடுத்தவர்தான், எல்லாருடைய கோரிக்கையும், தன் பெயரில் ஒன்றுகூட எழுதியதில்லை. எப்படித் தொடங்குவதென்று பூங்காவனம் இருந்தால் கேட்டிருக்கலாம்.

"டினா."

"ம்."

"நான் அங்க வந்து உன்கூட இருக்கட்டுமா?"

கேட்டில் வாட்ச்மேன் சல்யூட் வைத்துத் தடுப்புக் கம்பியைத் தூக்கினார், அவள் கையைத் தூக்கி அவருக்கு விடை சொன்னாள், இண்டிகேட்டர் போட்டாள், ஒரு தண்ணீர் லாரி போகும்வரை காத்திருந்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பார்க்கலாம்ப்பா" என்றாள்.

பார்க்கலாம். அந்தக் காலத்தில் முதலாளியின் ஆபீஸ் அறையிலிருந்து தோழர்கள் முகம் மலர ஓடி வருவார்கள், பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க தோழர், பார்க்கலாம்னு அவர் வாயாலயே சொல்லிட்டார். அவர் அவர்களைக் கேட்டில் நிற்கவைத்துக் கிழிப்பார். அந்த வார்த்தையில் தேதி இருக்கா? தொகை இருக்கா? கையெழுத்து இருக்கா? அதை நம்பி வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க, முதலாளி வாயில பார்க்கலாம்னா இல்லைன்னு அர்த்தம். தலையைக் குனிந்துகொண்டு கலைவார்கள். கலைந்து போகும்போதும் ஒன்றிரண்டு பேர் முகத்தில் அந்த வெளிச்சம் அணையாமலேயே இருக்கும், அதைப் பார்க்க அவருக்கு எரிச்சலாக வரும். இப்போது எப்போது என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. லாரி போய்விட்டது, டினா வண்டியைச் சாலையில் ஏற்றினாள், வெயில் மடிமேல் விழுந்தது. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். யாரிடமாவது ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது, பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள் என்று.